நிலத்தை விற்றால்தான் சிகிச்சையா?

கருப்பைப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த வீட்டில் முதலில் எழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: நிலத்தையோ நகையையோ விற்றாக வேண்டும், விற்றாலும் ஆள் தேறுவது சந்தேகம். இந்தப் பேச்சின் இரண்டு பாதிகளுமே பெரும்பாலான நோயாளிகளுக்குப் பொருந்துவதில்லை.

பிழைக்க மாட்டார் என்பதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கருப்பையின் உட்சுவரில் தொடங்கும் இந்நோய், பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது. நின்றுபோன உதிரம் மறுபடி தலைகாட்டுவதே அதன் முதல் அடையாளம். நோயுற்றவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு இயல்பற்ற உதிரப்போக்கு இருக்கிறது. இப்படித் தானே முன்வந்து காட்டிக்கொடுக்கும் புற்றுநோய்கள் குறைவு. கருப்பையைத் தாண்டாத நிலையில் பிடிபட்டவர்களில், அமெரிக்கப் பதிவேடுகளின்படி, 90 சதவீதத்துக்கும் மேலானோர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் வேறு நோய். அதற்கான தடுப்பூசியும் பாப் பரிசோதனையும் இதற்கு உதவா.

லட்சக்கணக்கில் செலவாகும் என்பது அடுத்த கூற்று. முதல் நிலை நோய்க்கு முதன்மைச் சிகிச்சை ஒரே அறுவைதான்: கருப்பையையும் கருக்குழாய்களையும் சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பது. எடுத்த உறுப்பைப் பரிசோதித்து வரும் நோய்க்கூறு அறிக்கையில் நோய்ச் செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைக் குறிக்கும் ‘கிரேடு’ என்ன, கருப்பையின் தசைச்சுவருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எழுதியிருக்கும். கிரேடு 1, ஆழம் பாதிக்கும் குறைவு, வேறு ஆபத்துக்குறி இல்லை என்றால், பலருக்குச் சிகிச்சை அதோடு முடிந்தது. கீமோவும் வேண்டாம், ‘கரண்ட் வைப்பதும்’ வேண்டாம். நடுத்தர ஆபத்து என்றால் யோனிவழி உட்கதிர்வீச்சு சில அமர்வுகள். பெரும்பாலும் நோய் வெளியே பரவியவர்களுக்கே கீமோ முக்கியமாகிறது; அதற்குரிய கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் இரண்டும் காப்புரிமைக் காலம் முடிந்த பழைய மருந்துகள்.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? பலருக்கு, சிகிச்சைக்கு முன்பே, தவறான வரிசையால் போகிறது. உதிரப்போக்கு என்று வந்த பெண்ணுக்குப் பயாப்சி எடுக்காமலே ‘கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்று சிறு நர்சிங் ஹோமில் முடிவெடுப்பது இதில் மிக மோசமானது. எடுத்த உறுப்பைப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகுதான் புற்றுநோய் என்று தெரியவருகிறது. அனுப்பாமலே விட்டால் அதுவும் தெரியாது. தெரிந்தாலும், சினைப்பைகளை விட்டுவிட்டார்கள், நிணநீர்க் கணுக்களைப் பார்க்கவில்லை என்ற நிலையில் மறு அறுவையோ, தவிர்த்திருக்கக்கூடிய கதிர்வீச்சோ தேவைப்படலாம். முதல் நாளிலேயே செய்திருக்கக்கூடிய பயாப்சி, மெல்லிய குழாயைக் கருப்பைக்குள் செலுத்தித் திசுவை உறிஞ்சி எடுக்கும் சில நிமிட வேலை. பலருக்கு மயக்க மருந்துகூட வேண்டியதில்லை.

பயாப்சி எடுத்தால் நோய் பரவிவிடும் என்பதும் ஊரில் உலவும் அச்சம்தான். இந்நோயில் பயாப்சியால் நோயாளியின் ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அதைத் தள்ளிப்போட்டுக் கஷாயத்தில் கழியும் மாதங்களில் நோய் ஆழமாக இறங்குகிறது.

இன்னொரு செலவு, ஒவ்வொரு மருத்துவமனையிலும் பரிசோதனையை முதலிலிருந்து தொடங்குவது. பயாப்சித் திசு மெழுகுக் கட்டியாகவும் கண்ணாடித் தகடாகவும் ஆய்வகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இவற்றைத்தான் ‘பிளாக்’, ‘ஸ்லைடு’ என்பார்கள். எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த மருத்துவரிடம் கொடுத்தால், அதே திசுவை அங்கே மறுபடி படித்துப் பார்க்கலாம். பெண்ணுக்கு மறுபடி வலி இல்லை. ஸ்கேனுக்கும் இது பொருந்தும்: தாளில் அச்சடித்த அறிக்கை மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியையும் வாங்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் புற்றுநோய்க்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். சென்னை ராயப்பேட்டை, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் இயங்குகின்றன. அறக்கட்டளை நிறுவனமான அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கி, டாக்டர் வி. சாந்தா போன்றவர்களின் உழைப்பில், பணம் இல்லை என்பதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையோடு வளர்ந்தது. இங்கெல்லாம் கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் கிரேடு குறைந்த நோயில் அறுவைக்கு ஓரிரு வாரம் காத்திருப்பதால் ஆபத்து கூடிவிடுவதில்லை. மகளிர் புற்றுநோய் அறுவையில் பயிற்சி பெற்றவரின் கைக்காக அந்த வாரங்களைக் கொடுப்பது நல்ல பேரம்.

நோய் வந்த பிறகு இன்சூரன்ஸ் கிடைக்காது என்பதில் பாதி உண்மை. தனியார் நிறுவனங்கள் புற்றுநோய் உறுதியானவருக்குப் புதிய பாலிசி தருவது அரிது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அப்படியல்ல. ஏற்கெனவே இருக்கும் நோய் என்று அது ஒதுக்குவதில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் பெயர் மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைக்கப்பட்ட இத்திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்து 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. முகாம்களில் பதிவுபெற்ற இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பே இல்லை. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். இது ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம். பணத்தைக் கட்டி முடித்துவிட்டுப் பில்லை நீட்டுபவர்கள் ஏமாறுகிறார்கள். அட்மிஷன் போடும்போதே அட்டையைக் காட்ட வேண்டும்.

ரோபோ அறுவை செய்தால்தான் நோய் திரும்பாது என்ற விளம்பரப் பேச்சுக்கும் ஒரு பதில் உண்டு. ஆரம்ப நிலை நோயில், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையும் லேப்ராஸ்கோப்பி அறுவையும் ஆயுளைப் பொறுத்தவரை சமம் என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. துளைவழி அறுவையில் வலியும் படுக்கை நாட்களும் குறைவு. ரோபோவுக்குக் கட்டும் கூடுதல் பணம் கூடுதல் ஆயுளைத் தருவதாக நிறுவப்படவில்லை.

செலவைப் பற்றிய அச்சம் உண்மையாகவே பலிக்கும் இடம் பரவிய நோயும் திரும்பி வந்த நோயும்தான். பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகளின் விலை இன்றும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. திசுவில் ‘எம்எம்ஆர்’ எனப்படும் டிஎன்ஏ பிழைதிருத்தக் குறைபாடு இருப்பவர்களுக்கே அவை அதிகம் பலன் தருகின்றன. ஆகவே அந்தப் பரிசோதனை முடிவு கைக்கு வரும்முன் கடன் வாங்குவது வீண். அந்தக் குறைபாடு சிலருக்குப் பரம்பரை நோயின் அறிகுறி என்பதால், மகள்களும் சகோதரிகளும் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும். மற்ற மருந்துகளைப் பொறுத்தவரை, 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்துக்கு 30 சதவீத உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மத்திய அரசின் அம்ரித் மருந்தகங்களிலும் தள்ளுபடி கிடைக்கும். காப்பீட்டை மிஞ்சும் செலவுக்குப் பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கு, மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டோடு விண்ணப்பிக்கலாம். முழுத்தொகை வராது, ஒரு பகுதி வரலாம்.

சிகிச்சை இலவசம் என்றால் செலவே இல்லை என்று சொல்வதும் தவறு. வெளிக்கதிர்வீச்சு வாரம் ஐந்து நாள், ஐந்து வாரம் நடக்கும். வெளியூர்க்காரருக்கு அறை வாடகை, சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி இவைதான் உண்மையான சுமை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை. துணையாள் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை. அதற்கான படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்து வேண்டும். சலுகைத் தங்குமிடம் பற்றி மருத்துவமனையின் சமூகப் பணியாளர் மேசையில் கேட்கலாம். அந்த மேசை இருப்பதே தெரியாமல் லாட்ஜில் காசைக் கரைப்பவர்கள் பலர்.

கர்ப்பப்பை நோயை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு, இந்த வழிகளையெல்லாம் அடைத்துவிடுகிறது. யாரிடமும் சொல்லாத பெண்ணுக்குத் துணைக்கு ஆள் இல்லை, விவரம் சொல்ல ஆள் இல்லை. கதிர்வீச்சுக்குப் பின் வரும் யோனிச் சுருக்கம், நிணநீர்க் கணுக்களை எடுத்ததால் வரும் கால்வீக்கம் இரண்டுக்கும் எளிய பயிற்சிகள் உண்டு; வெட்கத்தால் கேட்காதவர்களுக்கு அவை போய்ச்சேருவதில்லை. நோய் முற்றியவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலிதணிப்புப் பராமரிப்பு வீட்டுக்கே வருகிறது.

திரும்பி வரும் நோயில் பெரும்பகுதி முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வருகிறது. அதுவரை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். அறிகுறி இல்லாத பெரும்பாலோருக்கு ஒவ்வொரு முறையும் ஸ்கேன் தேவையில்லை, மருத்துவர் கேட்டுப் பார்த்துச் சோதிப்பதே போதுமானது. அதற்கு அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் கட்டணம் இல்லை.