தேதி கடந்த படப்பெட்டி

மருந்துக் கடையில் தேதி கடந்த மாத்திரையைக் கொடுத்தால் சும்மா விடுவீர்களா? கடைக்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தானே வீடு திரும்புவீர்கள்! ஆனால் அமெரிக்காவில் ஒரு சாமான் இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட தேதி தாண்டிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. செய்த கம்பெனியே 2008-ஆம் வருஷத்தோடு கையைக் கழுவிவிட்டது. அப்படியும் ஏலத்துக்கு வந்தால் போட்டி போட்டுக்கொண்டு வாங்குகிறார்கள். வாங்கி, வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் பத்திரமாக வைக்கிறார்கள்!

போலராய்ட் கம்பெனியின் உடனடிப் பட பிலிம்தான் அந்தச் சாமான். அதிலும், மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார்களே, அந்தப் பெரிய காமிராவுக்கான தாள். அகலம் நாலு அங்குலம், உயரம் ஐந்து அங்குலம்.

இந்தக் கதை ஒரு குழந்தையிடம் ஆரம்பிக்கிறது. 1943-இல் ஸான்டா பே என்ற ஊரில் எட்வின் லாண்ட் தம் மூன்று வயது மகளைப் படம் எடுத்தார். எடுத்த படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று கேட்டாள் குழந்தை. நாமாக இருந்தால், "தொணதொணக்காமல் வா" என்று இழுத்துக்கொண்டு போயிருப்போம். அவர் யோசிக்க ஆரம்பித்தார். 1947-இல் நியூயார்க்கில் விஞ்ஞானிகள் முன்னிலையில் செய்து காட்டினார். மறு வருஷம் பாஸ்டன் கடையில் காமிரா விற்பனைக்கே வந்துவிட்டது. பெரிய காமிராவுக்கான தாள் 1958-இல் வந்தது. 1961-இல் ஐம்பத்தைந்தாம் நம்பர் தாள் வந்தபோது புகைப்படக்காரர்கள் கொண்டாடினார்கள். அச்சுப் படத்தோடு, பிரதி எடுக்க நெகடிவும் அதில் கிடைத்தது. மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் படம் எடுத்துப் பெயர் பெற்ற ஆன்ஸெல் ஆடம்ஸ் கூட அதை விரும்பிப் பயன்படுத்தினார்.

தாள் ஒவ்வொன்றும் தனிப் பொட்டலம். உள்ளே நெகடிவ் ஒன்று, படத்தாள் ஒன்று. ஓரத்தில் ஹோட்டல் சட்னிப் பொட்டலம் மாதிரி ஒரு சிறு பை. பைக்குள் காரப் பசை. காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல, சுண்ணாம்பின் காரம். படம் எடுத்த பின் பொட்டலத்தை இரண்டு உருளைகளுக்கு நடுவே இழுத்தால் பை உடைந்து, பசை சப்பாத்தி மாவைப் போல் ஒரே சீராகப் பரவும். சில விநாடி பொறுத்து உரித்தால், படம் தயார்!

வயதானால் முதலில் உயிரை விடுவது இந்தப் பசைதான். அதிலுள்ள ஈரம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறிவிடுகிறது. காய்ந்த பசை மூலை வரை ஓடாது. உரித்துப் பார்த்தால் பாட்டியின் முகம் இருக்கும், பக்கத்தில் நின்ற மாமாவைக் காணோம்!

ஆகையால் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்றச் சாமான்களில் "சீல் உடைக்காதது" என்றால் மதிப்பு அதிகம். இங்கே அந்தப் பேச்சுக்கு மயங்காதீர்கள். சீல் வெளிச்சத்தைத் தடுக்கலாம். பசை காய்வதைத் தடுக்காது. முழுப் பெட்டியை விட, விற்கிறவர் ஒரு தாளை எடுத்துச் சோதித்து, அந்தப் படத்தையும் காட்டி விற்கும் பெட்டியே மேல் என்பது என் அபிப்பிராயம். இத்தனை வருஷமும் எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். குளிர்ப்பெட்டி என்றால் நம்பிக்கை வைக்கலாம். பரண் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். பனிக்கட்டி உறையும் தட்டில் வைத்ததும் ஆகாது, பசை கெட்டுவிடும்.

எடுப்பதற்கு முன் பெட்டியை வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். இழுக்கும்போது நடுவில் தயங்கவே கூடாது. தயங்கிய இடத்தில் கோடு விழும். ஐம்பத்தைந்தாம் நம்பராக இருந்தால் நெகடிவை ஸோடியம் ஸல்பைட் கரைசலில் போட்டு அலசிக் காய வைக்க வேண்டும். அச்சுப் படத்தின் மேல் பூச, பெட்டியிலேயே ஒரு பூச்சு மருந்து வைத்திருப்பார்கள். அதைப் பூசாவிட்டால் படம் நாளாக ஆக வெளுத்துவிடும். பழைய பெட்டியில் அதுவும் காய்ந்திருக்கலாம். உரித்த காகிதத்தில் ஒட்டியிருக்கும் பசை தோலை அரிக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் குப்பையில் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

இவ்வளவு பாடுபட்டு வாங்கியதை எப்போது செலவழிப்பது? நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று பெட்டியில் பூட்டிய பட்டுப் புடவை மடிப்பிலேயே இற்றுப் போவதை நாம் பார்த்ததில்லையா? இதுவும் அந்த ஜாதிதான். அதற்காகக் கல்யாணத்துக்கு இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கூடவே சாதாரண பிலிமிலும் ஒன்று எடுத்து வையுங்கள்.

எல்ஸா டார்ப்மன் என்ற மாதரசி இந்தச் சங்கடத்தைத் தம் தொழிலிலேயே அனுபவித்தார். மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்துக் கேம்ப்ரிட்ஜில் அவருடைய ஸ்டூடியோ. இருபது அங்குலத்துக்கு இருபத்து நாலு அங்குலப் படம் எடுக்கும் போலராய்ட் காமிரா. எடை நூறு கிலோவுக்கு மேல். அப்படிப்பட்ட காமிராக்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக் கூடியவைதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு படம் எடுப்பார். பிடித்ததை அவர்கள் கொண்டுபோவார்கள். வேண்டாமென்றது அவரிடம் தங்கும். கம்பெனி நிறுத்திய பிறகு எஞ்சிய தாள்களைக் கொண்டு சில வருஷம் ஓட்டினார். பூட்டி வைக்கவில்லை, வந்தவர்களையெல்லாம் எடுத்தார். தாள் அருகிப் போனபோது தொழிலுக்கே விடை கொடுக்க நேர்ந்தது. எரால் மாரிஸ் அவரைப் பற்றி எடுத்த சினிமா 2016-இல் வெளிவந்தது. அதில் அந்த அம்மாள் இழுப்பறைகளைத் திறந்து, பிறர் வேண்டாமென்று விட்ட படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவதைப் பார்க்க வேண்டும்! 2020-இல் அவர் காலமானார்.

இம்மாதிரித் தாளைப் புதிதாகச் செய்து பார்த்தவர்களும் உண்டு. 2014-இல் பொது மக்களிடம் பணம் திரட்டி 'நியூ55' என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். 2017 முடிவில் நிறுத்திவிட்டார்கள். 2020-இல் லோமோகிராபி கம்பெனி, பெரிய காமிராவின் முதுகில் பூஜி இன்ஸ்டாக்ஸ் வைட் தாளைப் பொருத்தும் கருவி ஒன்றைக் கொண்டு வந்தது. அதில் படம் சிறியது, உரிக்கும் வேலை இல்லை, நெகடிவும் கிடையாது. ஆனால் மாமா காணாமல் போக மாட்டார்.