நகல் ஏறும் நேரத்தை நாமே குறிப்போம்

பேரேடு இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. பில், சரக்கு இருப்பு, கொள்முதல், வாடிக்கையாளர் பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களிலும் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. நனைந்த சரக்குக்காவது இன்ஷூரன்ஸ் கேட்கலாம். பாக்கிக் கணக்கு அழிந்து போனால் யாரிடம் போய்க் கேட்பது?

இதற்காகத்தான் சாப்ட்வேர் விற்பவர்கள், வெளியூர் சர்வரில் நம் கணக்கின் நகல் தானாகவே ஏறிக் கொண்டிருக்கும் என்று சொல்லி வருடச் சந்தா வாங்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தானாக என்றால் எப்போது, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று நம்மில் பலர் கேட்பதில்லை. சந்தா எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்து விடுகிறது.

நகல் ஏறுவதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, பில் இங்கே பதிவாகும் போதே அங்கேயும் பதிவாவது. அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் இங்கே அந்தப் பதிவு முடியும். தூரம் கூடினால் தாமதமும் கூடும். இணைப்பு அறுந்தால் வேலையே நிற்கும். கவுண்டரில் பத்துப் பேர் காத்து நிற்கும் மளிகைக் கடைக்கு இது ஒத்து வராது. மற்றது, சிட்டையில் எழுதி வைத்துச் சாயங்காலம் பேரேட்டில் ஏற்றுவதைப் போன்றது. கணக்கில் மாறியதை மட்டும் சேர்த்து வைத்து, குறித்த நேரம் வந்ததும் அனுப்பும். அந்த நேரத்தைக் காட்டும் கடிகாரத்துக்குத்தான் டைமர் என்று பெயர். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

ஆகவே டைமரின் இடைவெளிதான் நமது நஷ்டத்தின் அளவு. 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வைத்திருந்து, நகல் ஏறுவதற்குச் சற்று முன்பு பெட்டி கெட்டால் முழு நாள் வியாபாரக் கணக்கும் போகும். 15 நிமிடம் என்றால் 15 நிமிடக் கணக்கும், அனுப்பி முடிக்க ஆகும் நேரத்தின் கணக்கும் போகும். ஆடி மாதத்து மந்தமான நாளில் இது பெரிதாகத் தெரியாது. தீபாவளிக்கு முந்தின நாளை நினைத்துப் பாருங்கள்!

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கூட்டமில்லாத நேரம் என்று டைமரை நள்ளிரவு 12 மணிக்கு வைத்துக் கொடுப்பார்கள். நாமோ பத்து மணிக்கே மெயின் சுவிட்சை அணைத்துக் கடையைப் பூட்டி விடுகிறோம். அணைந்த பெட்டியில் எந்த டைமர் ஓடும்? லினக்ஸ் பெட்டியில் உள்ள 'கிரான்' என்னும் பழைய டைமர், தவறிய வேளையைத் தவறியதாகவே விட்டு விடும். விண்டோஸில், தவறிய வேலையைப் பெட்டி திரும்ப ஓடியதும் செய்யச் சொல்லும் வசதி இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து 'டிக்' போட்டால்தான் உண்டு. பெரிய கம்பெனி ஆபீசுக்குச் செய்த ஏற்பாட்டை அப்படியே மளிகைக் கடையில் கொண்டு வந்து வைத்தால் இப்படித்தான் ஆகும்.

சர்வர் பக்கத்து டைமர் கிரீன்விச் நேரப்படி ஓடினால் அது வேறு கதை. அங்கே நள்ளிரவு 12 என்பது நமக்குக் காலை 5.30; காய்கறி மொத்த வியாபாரிக்கு மூச்சு விட நேரமில்லாத வேளை. அங்கே பிற்பகல் 12.30 என்றால் நமக்கு மாலை 6 மணி. பில் போடும் மெஷின் மாலையில் மட்டும் தூங்கி வழிகிறதே என்று திட்டும் அன்பர்கள் இதையும் விசாரிக்கலாம். அதற்காக நிமிடத்துக்கு ஒரு தடவை என்று வைப்பதும் சரியல்ல. முந்தின சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்று கிளம்பினால், இரண்டும் சேர்ந்து இணைப்பை அடைத்துக் கொள்ளும்.

டைமர் ஓடியது என்பதால் நகல் ஏறியது என்று ஆகி விடாது. கிட்லாப் என்னும் நிறுவனத்தின் தொழிலே பிறர் எழுதும் மென்பொருளைத் தன் சர்வரில் வைத்துக் காப்பதுதான். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஓர் ஊழியர் தவறான சர்வரில் தகவல்களை அழித்து விட்டார். தினமும் நகல் எடுக்கும் வேலை குறித்த நேரத்தில் கிளம்பிக் கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் தோல்வியில் முடிந்திருக்கிறது. அதைச் சொல்லும் எச்சரிக்கைக் கடிதங்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட பதிவுகள் போனது போனதுதான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் எரிந்த போது, நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

நகல் ஒழுங்காக ஏறினாலும் ஓர் ஆபத்து உண்டு. சரி எது, தப்பு எது என்று டைமருக்குத் தெரியாது. கடைப் பையன் கை தவறிப் பாக்கிப் பட்டியலை அழித்தால், அடுத்த சுற்றில் வெளியூரிலும் அது அழியும். எனவே முந்தைய நாட்களின் நகல்கள் தனியே இருக்க வேண்டும்.

மின்னணு முறையில் கணக்கு வைப்போர், விபத்தோ இயற்கைச் சேதமோ வந்தால் திரும்பப் பெறும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 57. பொறுப்பு நம்முடையது; சாப்ட்வேர்காரருடையது அல்ல. ஆகவே நகல் ஏறும் இடைவெளி, தவறினால் திரும்ப ஏற்றும் முறை, பழைய நகல்கள் எத்தனை நாள் இருக்கும் என்ற விவரம் ஆகியவற்றை விற்பவர் எழுத்தில் தர வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். கடைசியாக நகல் ஏறி முடிந்த தேதியும் நேரமும் பில் போடும் திரையிலேயே தெரிய வேண்டும். கல்லாவை எண்ணி முடித்ததும் அதை ஒரு தடவை பார்த்து விட்டு மெயினை அணைக்கலாம்.

புதிதாகச் சந்தா கட்டப் போகும் வணிகப் பெருமக்கள் இவற்றைக் கேட்டு வாங்கிய பின் கையெழுத்திடுங்கள். எழுதித் தர மறுக்கும் விற்பனையாளர் பற்றி அந்தந்த ஊர்ச் சங்கத்துக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக் கொள்கிறோம்.