கோபத்துக்கு என்ன கலர்?

குழந்தைகளுக்கான ஓவிய வகுப்புகளில் "உணர்ச்சிகளை வரையலாம் வாங்க"ன்னு ஒரு அயிட்டம் சேர்த்திருக்காங்க. நல்ல விஷயம்தான். ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஓரமா ஒரு தென்னைமரம்னு நாம எல்லாரும் வரைஞ்ச அந்தப் படத்துல இருந்து பசங்களுக்கு விடுதலை! ஆனா நான் பார்த்த சில வகுப்புகள்ல ஆரம்பத்துலயே கையில ஒரு அட்டவணையைக் கொடுத்துடறாங்க. கோபம்னா சிவப்பு, சோகம்னா நீலம், சந்தோஷம்னா மஞ்சள். என்னை மாதிரி பொட்டி தட்டுறவனுக்கு இப்படி டேபிள் போட்டாத்தான் நிம்மதி. குழந்தைக்கு எதுக்கு?

இந்த வகுப்புகளுக்கெல்லாம் மூலம் எக்ஸ்பிரஷனிசம். கண்ணுக்குத் தெரியறதை விட்டுட்டு, மனசுக்குள்ள நடக்கறதை வரையறது. எட்வர்ட் முங்க் 1893-ல் வரைந்த 'அலறல்' படத்தைப் பார்த்திருப்பீங்க. கன்னத்துல கை வச்சு, வாயைப் பிளந்துகிட்டு நிக்கிற உருவம். வானம் முழுக்க சிவப்பும் ஆரஞ்சும். அட்டவணைப்படி அது கோபமாம்! ஆனா பார்க்கிற நமக்கு பயம்தானே வருது? பாலத்தோட கைப்பிடி மட்டும் நேரா ஓட, வானமும் தண்ணியும் மனுஷனும் நெளியறாங்களே, அந்தக் கோட்டுலயும் இருக்கு பயம்.

அடுத்து, 1911-ல் ஃப்ரான்ஸ் மார்க் வரைந்த நீலக் குதிரை. மனுஷனுக்கு நிஜக் குதிரை தெரியாம இல்லை, மிருகங்களோட உடற்கூறு பாடமே நடத்தியவர். அவருக்கு நீலம்னா ஆண்மை, ஆன்மிகம். மஞ்சள்னா பெண்மை, மென்மை. அது அவரே உண்டாக்கிக்கிட்ட சொந்த அகராதி. அவரும் காண்டின்ஸ்கியும் சேர்ந்து 1912-ல் கொண்டுவந்த 'நீலக் குதிரைவீரன்' தொகுப்புல செசான், மத்தீஸ் ஓவியங்களோட குழந்தைகளோட படங்களையும் அச்சடிச்சாங்க. அதாவது, அவங்க குழந்தைகள்கிட்ட கத்துக்கிட்டாங்க. நாம அதையே அட்டவணையாக்கி, குழந்தைக்கே திருப்பிக் கொடுக்கறோம்.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு கேக்கலாம். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ்னு ஒரு ஓவியர். நாஜிக்கள் 1942-ல் அவரை டெரெசின் முகாமுக்கு அனுப்பினாங்க. அங்கே அடைபட்ட யூதக் குழந்தைகளுக்கு அவர் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். 1944-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகள்லயும் பெரும்பாலானவங்க பிழைக்கலை. ரெண்டு பெட்டியில கிட்டத்தட்ட 4,500 படங்கள் மிஞ்சுச்சு. அதுல முகாமோட அடுக்குக் கட்டிலும் இருக்கு, பூவும் பட்டாம்பூச்சியும் இருக்கு. அந்தப் பட்டாம்பூச்சியை அட்டவணையில வச்சுப் பார்த்து 'சந்தோஷம்'னு டிக் அடிக்க முடியுமா, சொல்லுங்க?

அதனால நான் சொல்றது சிம்பிள். படத்தைக் காட்டுங்க, பேரைச் சொல்லாதீங்க. "இங்க என்ன சத்தம் கேக்குது?"ன்னு கேளுங்க. வரையும்போது "கோபத்தை வரை"ன்னு விடாம, "நேத்து கோபம் வந்தப்போ எப்படி இருந்துச்சு? கனமாவா, குத்துற மாதிரியா, சுத்துற மாதிரியா?"ன்னு கேளுங்க. கலரை அதுவே எடுக்கட்டும். முடிச்சதும் "இது என்ன?"ன்னு கேக்காம, "இதைப் பத்திச் சொல்லேன்"னு கேளுங்க. சொல்லப் பிடிக்கலைன்னா விட்டுடுங்க.

ஒழுங்கா வரையக் கத்துக்க வேணாமான்னு சண்டைக்கு வராதீங்க :-) அதுவும் வேணும்தான், அதுக்குத் தனி வகுப்பு வைங்க. ஆனா தனக்கு என்ன தோணுதுன்னு ஒரு குழந்தை அடுத்தவங்களைக் கேட்டுத் தெரிஞ்சுக்கப் பழகிட்டா, அதைத் திருத்த எந்த வகுப்பும் கிடையாது.

உங்க வீட்டு வாண்டுகளோட கோபம் என்ன கலர்? கேட்டுச் சொல்லுங்களேன்.