சி.டி. ஸ்கேன் நார்மல்னா மேட்ச் ஆடலாம்னு அர்த்தம் இல்லைங்க!

பையனுக்குத் தலையில அடி. சி.டி. ஸ்கேன் நார்மல். உடனே அப்பாவும் கோச்சும் கேட்கும் கேள்வி: "அப்ப ஞாயித்துக்கிழமை மேட்ச் ஆடலாம்ல டாக்டர்?"

ஆடக்கூடாது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமான த்ரெட்.

சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சியில், பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. மூளை குலுங்கி, நரம்பு செல்கள் வேலை செய்யும் விதம் தற்காலிகமாகக் கெட்டிருக்கும். அது படத்துல தெரியாது.

"மயக்கம் போடலையே சார்"னு இன்னொரு வாதம். கன்கஷன் ஆனவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை! தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத எரிச்சல். இதுல ஒண்ணு இருந்தாலும் சந்தேகப்படணும்.

அறிகுறி தாமதமாவும் வரும். 2019 லார்ட்ஸ் டெஸ்ட் ஞாபகம் இருக்கா? ஆர்ச்சர் போட்ட பவுன்சர் ஸ்மித் கழுத்தில் பட்டது. பரிசோதனையில் தேறி, திரும்ப வந்து 92 வரை ஆடினார். மறுநாள் காலை அறிகுறிகள். டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரராக லபுஷேன் இறங்கினார். ஸ்மித் அடுத்த டெஸ்டும் ஆடல.

கூடவே டாக்டர் இருக்கும் டீமுக்கே இந்த நிலைமை. நம்ம ஸ்கூல் கிரவுண்ட்லயும் ஊர் கபடியிலயும் என்ன வைத்தியம்? மூஞ்சில தண்ணி, ஒரு ஸ்ப்ரே, "ஆம்பளையா இருடா, போய் ஆடு". இது வீரம் இல்லை, அலட்சியம். ஆறாத மூளைக்கு இரண்டாவது அடி விழுந்தால் குணமாக ரொம்ப நாள் இழுக்கும். அபூர்வமாக, குறிப்பாக டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு, மூளை வீங்கி உயிரே போகும். சந்தேகம் வந்தாலே அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சது. கப் போனா போகட்டும்.

அடுத்து எங்க ஆளுங்களுக்கு (கோபப்படாதீங்க). கன்கஷனைக் குணப்படுத்தும் மாத்திரை எதுவும் கிடையாது. "மூளைக்கு நல்லது"ன்னு எழுதித் தரும் சிட்டிகோலினை அமெரிக்காவில் தலைக்காயம் பட்ட 1,213 பேரிடம் சோதித்தார்கள். 2012-ல் முடிவு வந்தது: பலன் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கலாம். ஹெல்மெட் மண்டை உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுசாத் தடுக்காது. அதனால "ஹெல்மெட்ல தானே பட்டுச்சு"ன்னு விட்டுடாதீங்க.

சிகிச்சை ரொம்ப சிம்பிள், அதான் யாருக்கும் பிடிக்கல. முதல் 1-2 நாள் ஓய்வு, போனைக் குறைக்கணும். வாரக்கணக்குல இருட்டறையில் படுக்க வைப்பது பழைய முறை, வேண்டாம். பிறகு நடை, மெதுவா ஓட்டம், தனியாப் பயிற்சி. ஒரு படிக்கு ஒரு நாளாவது. அறிகுறி கூடினால் ஒரு படி பின்வாங்கணும். தலையில் அடிபட வாய்ப்புள்ள பயிற்சியும் மேட்ச்சும், அறிகுறி முழுசாப் போய், டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், கை கால் பலவீனம், காது மூக்கில் நீர் வடிதல் என்றால் நேரா எமர்ஜென்சிக்கு வாங்க. முந்தின நாள் ஸ்கேன் நார்மலா இருந்தாலும் வாங்க.