தெருவுக்குக் கோலம், வீட்டுக்குச் சேறு

தமிழ்நாட்டில் ஒரு சடங்கு இருக்கிறது. வெள்ளம் வடிந்ததும், இல்லை அமைச்சர் வருகிறார் என்றதும், தெருவின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையாக ஒரு கோடு விழும். பிளீச்சிங் பவுடர். அதைப் பார்த்ததும் ஊருக்கு ஒரு நிம்மதி, "பரவாயில்லையே, நடவடிக்கை எடுக்கிறார்கள்" என்று. கிருமிக்கும் நிம்மதிதான்! அதற்குத்தான் ஒன்றும் ஆகப்போவதில்லையே.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணி பொங்கி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. நகரத்தில் முத்தம்மாள் காலனி போன்ற தாழ்வான இடங்களில் தண்ணீர் நாட்கணக்கில் வடியவில்லை. அது வெறும் மழைத் தண்ணீரும் இல்லை. சாக்கடை, செப்டிக் டேங்க், எலி மூத்திரம் எல்லாம் சேர்ந்த தண்ணீர்.

வடிந்த பிறகு என்ன ஆகும்? வாசல்தோறும் ஒரு குவியல். மெத்தை, பாய், பிளாஸ்டிக் குடம், நாற்காலி, பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், கிரைண்டர்... "சாக்கடைத் தண்ணீரில் கிடந்தது, இனி இதை யார் தொடுவது? தூக்கிப் போடு" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். கழுவி எடுக்கலாம், இப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் கிடையாது.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் ஒரு கிரைண்டர் வாங்கினாலே அதில் பெரும்பகுதி போய்விடும். காமர்ஸ் பாடத்தில் 'ரைட் ஆஃப்' என்று ஒன்று உண்டு. இனி பயன் இல்லை என்று முடிவான சொத்தைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவது. எந்த நிறுவனமும் பொருளைச் சோதிக்காமல் ரைட் ஆஃப் செய்யாது. ஏழை வீட்டுச் சாமானை மட்டும் சோதிக்காமலே தள்ளிவிடலாமா?

இத்தனைக்கும் குப்பைக்குப் போகும் குவியலில் பாதிக்கு மேல் மீட்கக்கூடியது. தண்ணீரை உறிஞ்சாத எதையும் மீட்கலாம். எவர்சில்வர், கண்ணாடி, கெட்டியான பிளாஸ்டிக், இரும்புக் கட்டில், கிரைண்டர் கல் எல்லாம் இந்த வகை. துணிமணியை சோப்புப் போட்டு வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவைத்தால் போதும். ஃபோம் மெத்தை, தலையணை, குழந்தையின் பால் பாட்டில் நிப்பிள் இவற்றைத் தூக்கித்தான் போட வேண்டும். மோட்டார் உள்ள சாமானை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஸ்விட்ச் போடவே கூடாது.

இப்போது அந்த வெள்ளைப் பொடிக்கு வருவோம். அதில் வேலை செய்வது குளோரின். ஆனால் குளோரினுக்குக் கிருமி எது, சேறு எது என்று தெரியாது. முதலில் எதிர்ப்படும் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். அதனால்தான் தெருவோர மண்ணில் தூவியது வீண். சேறு படிந்த குடத்தில் நேரடியாகக் கொட்டினாலும் அதே கதைதான். 2020 மே மாதம், கொரோனா காலத்தில், தெருக்களில் கிருமிநாசினி தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது. யார் கேட்டார்கள்?

முறை ரொம்ப எளிது. முதலில் சேறு போகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அடுத்து சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். பவுடருக்கு வேலை அதன் பிறகுதான். 33 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் என்றால் 10 லிட்டர் வாளிக்கு 20 கிராம். சாப்பிடும் தட்டு, டம்ளர் என்றால் 6 கிராம் போதும். கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரில் குறைந்தது 10 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். உலோகப் பாத்திரத்தைக் குளோரின் அரிக்கும், அதற்குக் கொதிக்கும் தண்ணீரே மேல். கையில் உறை, காலில் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். பிளீச்சிங்கோடு டாய்லெட் ஆசிட்டைக் கலந்தால் விஷவாயு வரும். அவ்வளவுதான் பாடம், அரைப் பக்கத் துண்டுச் சீட்டில் அடங்கிவிடும்.

1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் பிரசவ வார்டில் தாய்மார்களின் சாவைக் குறைத்ததும் கிட்டத்தட்ட இதே பொடியை வைத்துத்தான். அவர் அதை வராந்தாவில் தூவவில்லை. டாக்டர்களின் கையை அந்தக் கரைசலில் கழுவ வைத்தார்!

இன்னொரு வேடிக்கை. குளோரின் எதிலிருந்து வருகிறது? உப்பிலிருந்து. தூத்துக்குடி உப்பிலிருந்து! காயல்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே, சாகுபுரத்தில், உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் ஆலை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அந்த வாயுவை நீற்றிய சுண்ணாம்பில் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர். மூலப்பொருள் விளையும் மண்ணில், அதை வாளியில் எவ்வளவு போடுவது என்று வீட்டுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

"ஜனங்களுக்கு இந்த கிராம் கணக்கெல்லாம் புரியாது சார்" என்று ஒரு பதில் வரும். உவர்நீரின் டிகிரி பார்த்துப் பாத்தி மாற்றும் உப்பளத் தொழிலாளிகள் வாழும் ஊர் அது. அவர்களுக்கா 20 கிராம் புரியாது? புரியாதது ஜனங்களுக்கு இல்லை. தெருவில் கோடு போட்டால் போட்டோ எடுக்கலாம், வீட்டுக்குள் வாளியில் கரைத்தால் போட்டோ வராது. விஷயம் அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நடக்கும் இந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள் தலையில்தான். உறை இல்லாமல், அளவு தெரியாமல், வாசனை வந்தால் சுத்தம் என்று நம்பி ஃபினாயிலை ஊற்றி இடுப்பொடியத் தேய்ப்பது அவர்கள். அப்புறம் வயிற்றுப்போக்கு வந்தால் "சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை" என்ற பழியும் அவர்களுக்கே.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வெள்ளத்தில் நிவாரணப் பணத்தோடு ஒரு பையும் வரட்டும். தயாரித்த தேதி அச்சிட்ட, காற்றுப் புகாத கவரில் அரைக் கிலோ பவுடர் (திறந்து கிடந்த மூட்டையில் குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும்), துணி சோப்பு, பிரஷ், ஒரு ஜோடி கையுறை, 20 கிராம் பிடிக்கும் ஒரு கரண்டி, அந்தத் துண்டுச் சீட்டு. அரைக் கிலோவில் 25 வாளி கரைக்கலாம். ஒரு வீட்டுச் சாமானுக்குத் தாராளமாகப் போதும்.

தெருவோரத்தில் ஒரு கோடு போடுவதற்குள் எத்தனை வாளிக்கான பவுடர் மண்ணோடு போகிறது என்று அடுத்த முறை பார்ப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் வாசலில் கிடக்கும் குவியலையும் ஒரு முறை எட்டிப் பார்க்கட்டும்.