தோட்ட எல்லையில் நின்றுவிடும் பொது நூலகம்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதம் எமது நாட்டில் தேசிய வாசிப்பு மாதமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. உள்ளூராட்சி மன்றங்களின் கீழ் இயங்கும் பொது நூலகங்களில் கட்டுரைப் போட்டிகள், புத்தகக் கண்காட்சிகள், சிறுவர்களுக்கான செயலமர்வுகள் என்பன இக்காலத்தில் இலவசமாக நடத்தப்படுவது வழக்கம். பரீட்சைகள் நெருங்கும் வேளைகளில் மாணவர் கருத்தரங்குகளுக்கும் நூலக மண்டபங்கள் இடமளிப்பதுண்டு. பிரத்தியேக வகுப்புகளுக்குப் பணம் செலுத்த வசதியற்ற பிள்ளைகளுக்கு இவை எத்துணை பெறுமதியானவை என்பதை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

எனினும் மலையகத்தைப் பொறுத்தவரையில், இந்நிகழ்ச்சிகளின் கதிரைகளில் வந்தமர்பவர்கள் யார் என்ற கேள்வியை நாம் எழுப்பியாக வேண்டும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நூலகங்கள் நகரத்தின் நடுவே உள்ளன. கடைவீதியை அண்டி வாழும் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் நடந்தே அங்கு வந்துவிடலாம். பொகவந்தலாவைக்கோ அக்கரப்பத்தனைக்கோ அப்பால், மலை உச்சியிலுள்ள தோட்டப் பிரிவொன்றின் லயன் அறையில் வாழும் பிள்ளையின் நிலை அதுவன்று. பிரதான வீதிக்கு இறங்க வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிய முன்னரே கடைசி பஸ்ஸை எண்ணி எழுந்துவிட வேண்டும். சிறு பிள்ளையாயின் துணைக்குத் தாயோ தந்தையோ வர வேண்டும். அன்று அவர் கொழுந்து மலைக்குச் செல்லாவிட்டால் ஒரு நாட்சம்பளம் இல்லை. அனுமதி இலவசம் என்று அறிவித்தல் பலகையில் எழுதிவிடலாம். அந்தக் குடும்பத்திற்கு அது இலவசமன்று.

இது வெறும் தூரத்தின் பிரச்சினை என்று கருதுவோர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தல் நன்று. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில், கிராமங்களின் அபிவிருத்தி பற்றிக் கூறும் 33 ஆவது பிரிவில் தோட்டக் குடியிருப்புகள் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. தோட்டம் கிராமமாகாது, எனவே அதற்குள் சபை நிதியைச் செலவிட முடியாது என்பதே நடைமுறையாக இருந்தது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தனர். தோட்டத்திலிருந்து உறுப்பினர்களும் தவிசாளர்களும் கூடத் தெரிவாகினர். ஆயினும் தமக்கு வாக்களித்தோரின் லயன் வாசலுக்கு ஒரு பாதையையோ ஒரு வாசிகசாலையையோ அமைக்க அவர்களுக்குச் சட்டம் கைகொடுக்கவில்லை. நீண்டகாலக் கோரிக்கையின் பின்னர் 2018 ஆம் ஆண்டில்தான் இச்சட்டம் திருத்தப்பட்டு, தோட்டப் பகுதிகளுக்கும் சபைகள் சேவையாற்ற வழி திறக்கப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலுக்கென அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகளும் உருவாகின.

சட்டம் திருந்தி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. நாடு பெருந்தொற்றையும் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியையும் சந்தித்தது. 2023 மார்ச் மாதத்தில் பதவிக்காலம் முடிவுற்ற மன்றங்களுக்கு 2025 மே மாதம் வரை தேர்தல் நடைபெறவில்லை. இவையெல்லாம் தாமதத்திற்கான காரணங்களே. ஆனால் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் ஆசனங்களில் அமர்ந்துள்ள நிலையில், "தோட்டத்திற்குள் எமக்கு அதிகாரமில்லை" என்ற பழைய பதிலை எவரும் இனிமேல் கூற முடியாது.

இவ்விடத்தில் ஒரு பழைய அனுபவத்தை நினைவூட்ட விரும்புகின்றோம். கன்னங்கராவின் முயற்சியினால் 1945 ஆம் ஆண்டில் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பயனைக் கிராமத்துப் பிள்ளைகள் உடனடியாக அனுபவிக்கத் தொடங்கினர். தோட்டப் பாடசாலைகளோ 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும் வரையில் தோட்ட நிர்வாகங்களின் கைகளிலேயே இருந்தன. ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் பிந்தி வந்த அந்தக் கல்வியின் இழப்பை மலையகம் இன்றும் ஈடுசெய்துகொண்டிருக்கின்றது. நாடு முழுவதற்கும் என்று அறிவிக்கப்படும் ஒரு நன்மை, தோட்ட எல்லையில் வந்து நின்றுவிடுவதன் விலை என்ன என்பதை எம்மை விட அறிந்தவர் எவருமில்லை. நூலக விடயத்திலும் அதே தாமதத்தை நாம் அனுமதிக்கலாமா?

வாசிப்பில் மலையகத்தாருக்கு ஆர்வமில்லை என்று கூறுவோரும் உளர். வரலாறு அதனை ஏற்கவில்லை. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யர் பத்திரிகைகளையும் பிரசுரங்களையும் ஆயுதமாகக் கொண்டே தோட்டத் தொழிலாளரை அணுகினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் எழுத்தறியாதோரும் விளங்கிக்கொள்ளும் வகையில் பாடல்கள் மூலம் அரசியல் பேசினார். தோட்டமொன்றில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை எழுத்தாளராகவும் 1947 ஆம் ஆண்டில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் உயர்ந்தார். கண்டியில் சித்திலெப்பை 1882 ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியதுடன், பாடசாலைகளை அமைப்பதிலும் முன்னின்றார். தமிழ் எழுத்தின் வழியாகவே மக்களை விழிப்படையச் செய்யலாம் என்ற நம்பிக்கை இவர்கள் அனைவருக்கும் பொதுவானது. இன்றும் மலைநாட்டு நகரங்களில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பெரும்பாலும் ஒரே தமிழ்மொழிப் பாடநூலைத்தான் விரிக்கின்றனர். நூலகத்தில் தமிழ் நூல்களும் தமிழில் செயலமர்வுகளும் குறைவாக இருப்பின், அந்தக் குறை இருவரையுமே பாதிக்கும்.

நகரத்திலிருந்து தொலைவில் வாழ்வோரிடம் நூலகத்தைக் கொண்டு செல்வது எங்ஙனம்? இதற்குப் புதிதாக எதனையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை. தமிழ்நாட்டின் மன்னார்குடிப் பகுதியில் 1931 ஆம் ஆண்டிலேயே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்ற நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் அதனைத் தொடக்கி வைத்தார். மாட்டுவண்டியால் இயன்றது, சபைக்குச் சொந்தமான வாகனமொன்றினால் இயலாதா? எமது அயலிலேயே மற்றோர் உதாரணமும் உண்டு. கம்பளைக்கு அண்மையில் பழைய லயன் கட்டடமொன்று 2007 ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக மாற்றப்பட்டது. லயன் அறையில் வரலாற்றைப் பாதுகாக்க முடியுமெனில், அங்கு ஒரு வாசிப்பு மேசையையும் இட முடியும். மேலும், 2005 ஆம் ஆண்டில் ஆரம்பமான 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெருந்தொகையாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கணினியும் ஒழுங்கான இணைய இணைப்பும் உள்ள அறை, அவற்றின் வாசலாக அமையும். பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்புக்காகத் தொலைபேசிச் சமிக்ஞையைத் தேடி மலைமுகட்டிற்கு ஏறிய பிள்ளைகளை நாம் மறந்துவிடலாகாது.

செயலமர்வுகளின் உள்ளடக்கமும் சிந்திக்கப்பட வேண்டியதாகும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் ஆகிய பரீட்சைகளுக்கான கருத்தரங்குகள் அவசியமானவை. ஆனால் நூலகம் மற்றொரு பிரத்தியேக வகுப்பாகச் சுருங்கிவிடக்கூடாது. சேமலாப நிதிப் பத்திரத்தை நிரப்புவது எவ்வாறு, பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயர்ப் பிழையைத் திருத்துவது எவ்வாறு, காணி உறுதியில் என்ன எழுதப்பட்டுள்ளது, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கேள்வியைக் கேட்பது எங்ஙனம் என்பனவற்றைத் தமிழில் அறிந்துகொள்ளத் தோட்டத் தாய்மாருக்கும் முதியோருக்கும் ஓரிடம் தேவை. 1948 ஆம் ஆண்டின் சட்டத்தினால் பிரஜாவுரிமையை இழந்து, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை ஆவணங்களுக்காக அலைந்த ஒரு சமூகத்திற்கு, ஒரு படிவத்தைப் பிழையின்றி வாசிக்கும் ஆற்றல் வாழ்வுரிமையோடு தொடர்புபட்டதாகும்.

எனவே புதிய மன்றங்களின் முன் சில யோசனைகளை வைக்கின்றோம். ஒவ்வொரு பிரதேச சபையும் தனது வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில் தோட்ட நூலகச் சேவைக்கென ஒரு தனித் தலைப்பை ஒதுக்க வேண்டும். நகரில் நடத்தப்படும் ஒவ்வொரு இலவச நிகழ்ச்சியும் குறைந்தது ஒரு தோட்டப் பிரிவிலேனும் மீண்டும் நடத்தப்பட வேண்டும். அதுவும் கொழுந்து நிறுத்து முடிந்த மாலையிலோ, ஞாயிறு, போயா விடுமுறைகளிலோ அமைய வேண்டும். முஸ்லிம் குடும்பங்களும் பங்குபற்றும் இடங்களில் தொழுகை நேரமும் நோன்புக் காலமும் கருத்திற்கொள்ளப்பட வேண்டும். பாவனையற்றுக் கிடக்கும் கட்டடமொன்றைத் தோட்ட நிர்வாகங்கள் விட்டுக்கொடுக்க முன்வர வேண்டும். காணிகள் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டவையே அன்றி, அங்கு வாழும் பிள்ளைகளின் எதிர்காலம் குத்தகைக்கு விடப்பட்டதன்று.

பொறுப்பு சபைகளுடையது மட்டுமன்று. தோட்டங்களிலிருந்து கற்று ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்தோர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் வளவாளர்களுக்குப் பஞ்சமிராது. கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் தத்தமது மண்டபங்களைத் திறந்துவிடலாம். தொழிற்சங்கங்கள் சம்பளத்திற்காக எழுப்பும் குரலில் ஒரு பகுதியையேனும் வாசிகசாலைக்காகவும் எழுப்பலாம்.

1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது அங்கிருந்த தொண்ணூற்றேழாயிரம் நூல்களுக்காகத் தமிழுலகம் கண்ணீர் சிந்தியது. அது நியாயமான துயரம். மலையகத் தோட்டங்களில் ஒருபோதும் அமைக்கப்படாத நூலகங்களுக்காக எவரும் அழுததில்லை. அங்கே இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. 2025 மே மாதத்தில் வாக்குக் கேட்டு லயன் வாசலுக்கு வந்தவர்கள், அடுத்த வரவு செலவுத் திட்டத்திற்குக் கையுயர்த்தும் முன் அந்த வாசலை ஒருகணம் நினைத்துப் பார்ப்பார்களாக. அவர்கள் மறந்தால் நினைவூட்டுவது வாக்களித்த எம் அனைவரதும் கடமையாகும்.