யார் போட்ட ‘சுபம்’ இது?

ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபௌட் நத்திங்’ நாடகத்தின் கதையை யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். இரண்டு காதல், நடுவில் ஒரு வில்லன், அவன் செய்த சூழ்ச்சி, கொஞ்சம் கண்ணீர், பிறகு உண்மை வெளிப்பட்டு இரட்டைக் கல்யாணம், சுபம். பரீட்சை நோட்ஸ் இதைத்தான் சொல்கிறது. 1993இல் கென்னத் பிரானா எடுத்த படமும் இத்தாலி வெயிலில் குளிப்பாட்டி இதையே சொன்னது. டான் ஜான் கெட்டவன். மற்றவர்கள் பாவம், ஏமாந்துபோன நல்லவர்கள்.

இந்தக் கதையை நான் ஏற்கவில்லை. டான் ஜான் வெறும் தீக்குச்சி. வைக்கோற்போரை அந்த நல்லவர்களே தங்கள் வீட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மானம்.

நாடகம் நடப்பது சிசிலித் தீவின் மெசினா நகரில். போர் முடித்து வரும் இளவரசன் டான் பெட்ரோவும் அவன் ஆட்களும் ஆளுநர் லியோனாட்டோவின் வீட்டில் தங்குகிறார்கள். இளவரசனின் செல்லப்பிள்ளை கிளாடியோவுக்கு ஆளுநரின் மகள் மேல் ஆசை. அவள் பெயர்தான் ஹீரோ. ஆசை வந்ததும் அவன் இளவரசனிடம் விசாரிப்பது, லியோனாட்டோவுக்கு மகன் உண்டா என்று. இல்லை, சொத்துக்கு இவள் ஒருத்திதான் வாரிசு என்று பதில் வருகிறது. பெண்ணிடம் போய்ப் பேசுவதுகூட அவன் இல்லை. முகமூடி போட்டுக்கொண்டு இளவரசனே அவனுக்காகப் பேசி முடிக்கிறான்.

அந்த நடன இரவிலேயே கிளாடியோ ஒருமுறை ஏமாறுகிறான். இளவரசன் ஹீரோவைத் தனக்கே பேசிக்கொண்டான் என்று டான் ஜான் ஊதிவிட, கேள்வி கேட்காமல் நம்புகிறான். சற்று நேரத்தில் அது பொய் என்று தெரிந்துவிடுகிறது. டான் ஜான் யார்? அண்ணனான இளவரசனையே எதிர்த்து நின்று, இப்போதுதான் மன்னிப்புப் பெற்றவன். கல்யாணத்துக்கு முந்தின நாள் அதே ஆள் மறுபடி வந்து, ஹீரோ நடத்தை கெட்டவள், இன்றிரவே காட்டுகிறேன் என்கிறான். அறிவுள்ளவன் அவனை வாசலோடு அனுப்பியிருப்பான். கிளாடியோவோ, எதையும் பார்ப்பதற்கு முன்பே, பார்த்தது உண்மையென்றால் தாலி கட்டும் சபையிலேயே அவளை அவமானப்படுத்துவேன் என்று முடிவு செய்கிறான். நானும் உன்னோடு சேர்ந்துகொள்கிறேன் என்கிறான் இளவரசன். விசாரணைக்கு முன்பே தண்டனை எழுதியாகிவிட்டது.

அவர்கள் பார்த்ததுதான் என்ன? இருட்டு, தூரத்தில் ஒரு ஜன்னல், அங்கே பணிப்பெண் மார்கரெட். டான் ஜானின் கையாள் பொராச்சியோ அவளை ஹீரோ என்று அழைத்துப் பேசுகிறான். ஷேக்ஸ்பியர் இந்தக் காட்சியை மேடையில் காட்டவே இல்லை. காட்டியிருந்தால், நாமும்தானே ஏமாந்திருப்போம் என்று கிளாடியோவுக்காகப் பரிந்து பேசலாம். அந்த வசதியை அவர் நமக்குத் தரவில்லை.

நெஞ்சு உடைந்த காதலன் என்ன செய்வான்? அன்றிரவே கதவைத் தட்டியிருப்பான், அழுதிருப்பான், சண்டை போட்டிருப்பான். கிளாடியோ விடியும்வரை காத்திருந்து, உடுத்திக்கொண்டு தேவாலயத்துக்கு வருகிறான். பாதிரியார் முன்னால், ஊரார் முன்னால், பெண்ணை அழுகிய பழம்போல அப்பனிடமே திருப்பித் தள்ளுகிறான். ஆண்கள் நடுவில் தன் மதிப்பு குறைந்தது என்ற வலி அவனுக்கு. அந்த வலிக்கு ஆறுதல் ஆண்கள் நடுவில்தான் கிடைக்கும். ஆகவேதான் சபை தேவைப்பட்டது. இளவரசனும் தன் கௌரவம் போயிற்று என்றுதான் புலம்புகிறான். பெற்ற தகப்பன் லியோனாட்டோ மகளிடம் ஒரு வார்த்தை பொறுமையாகக் கேட்கவில்லை. மயங்கி விழுந்தவள் கண் திறக்காமலே போகட்டும் என்கிறான்.

“அந்தக் காலம் அப்படி” என்று உடனே ஒரு சமாதானம் வரும். அது செல்லாது. இந்தக் கதையின் மூலம் 1554இல் வெளியான பந்தெல்லோவின் இத்தாலியக் கதை. அதில் காதலன் ஆள் அனுப்பித்தான் சம்பந்தத்தை முறிக்கிறான். தேவாலய அவமானம் கிடையாது. பெண்ணின் தகப்பன் பழியை நம்புவதும் இல்லை. நம் வறுமையைப் பார்த்து மாப்பிள்ளை நழுவுகிறான் என்றுதான் நினைக்கிறான். அங்கே சூழ்ச்சி செய்பவனும் அதே பெண்ணை விரும்பிய ஒருவன். ஷேக்ஸ்பியர் இவை மூன்றையும் மாற்றினார். சூழ்ச்சிக்காரனிடமிருந்து காதலை எடுத்துவிட்டார், அவமானத்தை ஊர் நடுவில் வைத்தார், தகப்பனையும் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். காலம் அவரை இப்படி எழுத வைக்கவில்லை. தெரிந்தே எழுதினார்.

நாடகத்துக்குள்ளேயும் அதே காலத்து மனிதர்கள்தான் வேறு மாதிரி நடக்கிறார்கள். ஓராண்டாக ஹீரோவின் பக்கத்தில் படுத்துறங்கியவள் அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரி பியாட்ரிஸ். நேற்று ஓர் இரவு மட்டும் உடன் இல்லை. சாட்சி சொல்ல முடியாத நிலையிலும் அவள் அசையவில்லை. பாதிரியார் பெண்ணின் முகத்தைப் பார்த்தே இவள் குற்றமற்றவள் என்கிறார். நம்புவதற்கு ஆதாரம் வேண்டியிருக்கவில்லை, மனம் போதுமாக இருந்தது.

இன்னொரு பாடமும் வழக்கமாகச் சொல்வார்கள்: நாடகத்தில் நல்ல பொய் ஒன்று, கெட்ட பொய் ஒன்று என்று. கிளாடியோவின் போர்த்தோழன் பெனடிக்கும் பியாட்ரிஸும் தோட்டத்தில் ஒட்டுக்கேட்கும்படி நண்பர்கள் பேசி, இருவரையும் காதலிக்க வைப்பது நல்ல பொய்யாம். ஆனால் இரண்டு பொய்களின் தொழில்நுட்பமும் ஒன்றுதான். தலைப்பில் உள்ள ‘நத்திங்’ அன்றைய ஆங்கில உச்சரிப்பில் ‘நோட்டிங்’ போலவே ஒலிக்கும். கவனிப்பது, ஒட்டுக்கேட்பது என்ற பொருளும் அதில் ஒளிந்திருக்கிறது. வித்தியாசம் கேட்டவன் மனத்தில்தான். தன் குறையைக் கேட்ட பெனடிக் தன்னைத் திருத்திக்கொள்ள நினைத்தான். அடுத்தவள் குறையைக் கேட்ட கிளாடியோ அவளைத் தண்டிக்க நினைத்தான். கிளாடியோவைக் கொல் என்று பியாட்ரிஸ் கேட்டபோது பெனடிக் முதலில் மறுக்கிறான். பிறகு, அவன் ஹீரோவுக்கு அநியாயம் செய்தான் என்று உன் ஆன்மா சொல்கிறதா என்று மட்டும் கேட்கிறான். அவள் ஆம் என்றதும் போருக்கு ஒன்றாகப் போன நண்பனுக்கே சவால் விடுகிறான். ஒரு பெண்ணின் சொல்லை ஓர் ஆண் நம்பிய அந்த இடம்தான் இந்த நாடகத்தின் உண்மையான காதல் காட்சி.

உண்மையைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முந்தின இரவே பொராச்சியோவைப் பிடித்துவிட்டார்கள் தெருக் காவலாளிகள். வார்த்தைகளைக் குழப்பிப் பேசும் தலைவன் டாக்பெரி காலையிலேயே ஆளுநரிடம் வந்து நிற்கிறான். ஆளுநருக்கு அவன் பேச்சைப் பொறுமையாகக் கேட்க நேரமில்லை. நீயே விசாரி என்று அனுப்பிவிடுகிறார். மகளின் மானம் மானம் என்று மாய்ந்தவர், அதைக் காப்பாற்ற வந்தவனை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்.

பிறகு, ஹீரோ செத்துவிட்டாள் என்று பாதிரியார் யோசனைப்படி ஊருக்குச் சொல்கிறார்கள். செய்தி தெரிந்த பிறகும் கிளாடியோ பெனடிக்கிடம் கேலி பேசிக்கொண்டு நிற்கிறான். குட்டு வெளிப்பட்டதும், தவறாக நினைத்ததைத் தவிர நான் பாவம் செய்யவில்லை என்கிறான். அவனுக்கு விதித்த பிராயச்சித்தம் கல்லறையில் ஓர் இரவு துதி, மறுநாள் முகம் பாராமல் லியோனாட்டோவின் ‘சகோதரர் மகளை’க் கல்யாணம். அவளும் இரு வீட்டுச் சொத்துக்கும் ஒரே வாரிசு என்று லியோனாட்டோ மறக்காமல் சொல்கிறார். அந்த மணப்பெண் ஹீரோவேதான்.

இந்த ஹீரோவை உலகம் மெல்ல மறந்தது. முதலாம் சார்லஸ் மன்னர் தம் பிரதியில் தலைப்புக்குப் பக்கத்தில் பெனடிக், பியாட்ரிஸ் பெயர்களை எழுதிவைத்தார். 1862இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் இதை இசை நாடகமாக்கியபோது பழிச்சூழ்ச்சியையே வெட்டி எறிந்தார். ஹீரோவின் தாய் இன்னோஜென் 1600ஆம் ஆண்டு அச்சுப் பிரதியின் மேடைக் குறிப்பில் வருகிறாள், ஒரு வசனம்கூட இல்லாமல். பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் அவளையும் நீக்கினார்கள். வலிக்கும் பகுதியை இப்படி ஒவ்வொன்றாக அகற்றிவிட்டு, மிச்சத்தைப் பார்த்து இனிய காதல் நாடகம் என்கிறோம்.

முடிவில் டான் ஜான் பிடிபட்ட செய்தி வருகிறது. அவனை நாளை பார்த்துக்கொள்ளலாம், இப்போது வாத்தியம் முழங்கட்டும் என்கிறான் பெனடிக். எல்லோரும் ஆடுகிறார்கள். அடுத்த முறை இந்த நாடகத்தைப் படிக்கும்போதோ பார்க்கும்போதோ கைதட்டுவதற்கு முன் கடைசிக் காட்சியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கிளாடியோ ஹீரோவிடம் மன்னிப்புக் கேட்கும் வரி ஒன்றுகூட அதில் இல்லை.